பக்கத்து வீட்டுக்காரன் இல்ல மக்கா, பிறன்

முதல்லயே ஒண்ணு சொல்லிடறேன். நான் எல்.கே.ஜி.யில் இருந்து இங்கிலீஷ் மீடியம். தமிழ் எனக்கு மார்க் வாங்கும் பாடம், அவ்வளவுதான். சர்ச்சுக்குப் போகும்போதும் கையில் இங்கிலீஷ் பைபிள்தான் இருக்கும். அதனால இந்தக் கட்டுரையில் எங்கேயாவது ஒற்று விட்டுப்போயிருந்தால் எடிட்டரைத் திட்டாதீங்க, என்னைத் திட்டுங்க.

போன லீவுக்கு ஊருக்குப் போயிருந்தேன். மார்த்தாண்டம் பக்கம் எங்க ஊர். ராத்திரி குடும்ப ஜெபம். பாட்டிக்குக் கண் ஆபரேஷன் முடிந்து நாலு நாள்தான் ஆகியிருந்தது. "இன்னைக்கு நீ வாசி மக்கா" என்று பெரிய எழுத்து வேதாகமத்தை என் கையில் கொடுத்துட்டாங்க. லூக்கா 10ஆம் அதிகாரம். எழுத்துக் கூட்டி வாசித்துக்கொண்டே போனவன் ஒரு வார்த்தையில் நின்னுட்டேன். பிறன்.

இங்கிலீஷில் அந்த இடத்தில் 'நெய்பர்' என்று இருக்கும். சின்ன வயதில் இருந்து நான் அதைப் பக்கத்து வீட்டுக்காரன் என்றுதான் புரிந்து வைத்திருந்தேன். "பாட்டி, பிறன்னா பக்கத்து வீட்டுக்காரனா?" என்று கேட்டேன். பாட்டி சிரிச்சாங்க. "பக்கத்து வீட்டுக்காரன்னா அப்படியே போட்டிருப்பாவளே. பிறன்னா பிறத்தியான் மக்கா. நம்ம ஆளு இல்லாதவன்."

இத்தனை வருஷம் பக்கத்து வீட்டுக்காரனை நேசிக்கச் சொல்கிறார் என்று நினைத்தது, உண்மையில் நம்ம ஆளே இல்லாதவனை நேசிக்கச் சொல்கிறது! இரண்டும் ஒண்ணா? பக்கத்து வீட்டுக்காரன் எங்க சர்ச். எங்க சாதி. அவங்க வீட்டில் பலாப்பழம் வெட்டினால் எங்க வீட்டுக்கு வரும். அவரை நேசிக்க எனக்கு இயேசு தேவையே இல்லை.

அந்த அதிகாரத்தில் வரும் கதை உங்களில் நிறைய பேருக்குத் தெரிந்திருக்கும். எருசலேமில் இருந்து எரிகோவுக்குப் போகிற ஒரு ஆளைக் கள்ளர்கள் அடித்துப் போட்டுவிட்டுப் போகிறார்கள். அந்த வழியே ஒரு ஆசாரியன் வருகிறான், விலகிப் போகிறான். கோவில் வேலை செய்யும் லேவியன் ஒருத்தன் வருகிறான், அவனும் விலகிப் போகிறான். கடைசியில் ஒரு சமாரியன் வருகிறான். யூதர்களுக்கும் சமாரியர்களுக்கும் ஆகவே ஆகாது. ஆனா அவன்தான் பக்கத்தில் போய்ப் பார்க்கிறான், காயத்தைக் கட்டுகிறான், தன் மிருகத்தின் மேல் ஏற்றிச் சத்திரத்தில் சேர்க்கிறான், சத்திரக்காரனிடம் காசு கொடுக்கிறான், மேலே செலவானால் திரும்பி வரும்போது தருகிறேன் என்கிறான்.

கவனிச்சுப் பாருங்க. மூணு பேரும் ஒரே ரோட்டில்தான் வந்தார்கள், மூணு பேரும் அடிபட்டவனைப் பார்த்தார்கள். வித்தியாசம் ஒண்ணே ஒண்ணுதான். ஒருத்தன் பக்கத்தில் போனான். முதல் இரண்டு பேரும் கெட்டவர்கள் என்று கதை சொல்லவில்லை. ஒருவேளை அவர்களும் போகிற வழியில் அவனுக்காக ஜெபம் பண்ணியிருக்கலாம். நான் அந்த மாதிரி ஆள். அதைத்தான் எழுத வந்தேன்.

ஹாஸ்டலில் என் ரூம்மேட் தூத்தூர் பக்கம் ஒரு கடற்கரை ஊர். ஊர்ப் பெயர் வேண்டாம்னு சொன்னான். அவனிடம் கேட்டுவிட்டுத்தான் இதை எழுதுகிறேன். முதல் வருஷம் ஊரில் இருந்து அவன் அம்மா கருவாடு கொடுத்து விடுவார்கள். பையைத் திறந்தாலே ரூமில் மணம் அடிக்கும். நாங்க என்ன செய்தோம்? ஒருத்தன் டியோடரண்ட் அடிப்பான். இன்னொருத்தன் மூக்கைப் பிடித்துக்கொண்டு வராந்தாவில் நிற்பான். நான் எதுவும் சொல்லவில்லை, சும்மா சிரித்தேன். ரெண்டு மாதத்தில் அவன் கருவாடு கொண்டு வருவதை நிறுத்திட்டான். எனக்கும் கருவாடுன்னா உயிர், அதுதான் இதில் கேவலம். எங்க வீட்டில் மரச்சீனிக்கு அதுதான் கூட்டு.

அந்த நாட்களிலும் நான் வெள்ளிக்கிழமை ஜெபக்குழுவுக்குத் தவறாமல் போய்க்கொண்டிருந்தேன். என் ஸ்டேட்டஸில் வசனம் மாறிக்கொண்டே இருக்கும். பெரும்பாலும் அன்பு பற்றிய வசனம்.

இரண்டாம் வருஷம் நவம்பர் 30. அவன் கிளாஸுக்கு வரவில்லை. சாயங்காலம் ரூமுக்கு வந்தால் லைட் போடாமல் கட்டிலில் உட்கார்ந்திருக்கிறான். "என்னடே, காய்ச்சலா?" என்றேன். "இல்லடே. இன்னைக்கு எங்க சித்தப்பா போன நாள்" என்றான். கொஞ்ச நேரம் கழித்து, "ஒக்கியில" என்றான்.

ஒன்றரை வருஷம் இரண்டு அடி இடைவெளியில் தூங்கியிருக்கிறோம். எனக்கு இது தெரியாது.

ஒக்கிப் புயல் 2017 நவம்பர் 30ஆம் தேதி நம்ம மாவட்டத்தை ஒட்டிக் கடந்து போனது. அப்போது நான் எட்டாம் வகுப்பு. எனக்கு ஞாபகம் இருப்பதை மறைக்காமல் சொல்றேன். ராத்திரி முழுக்கக் காற்று. விடிந்து பார்த்தால் ரப்பர் மரங்கள் நடுவில் முறிந்து கிடக்கின்றன, அப்பாவின் வாழைத் தோட்டம் மொத்தமாகச் சாய்ந்து கிடக்கிறது. நாள்கணக்கில் கரண்ட் இல்லை. ஜெனரேட்டர் இருந்த ஒரு வீட்டில் போன் சார்ஜ் போட வரிசை. ஸ்கூல் லீவு, எனக்குச் சந்தோஷம். ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் கூரை தப்பியதற்கு நன்றி சொன்னோம், கரண்ட் வரணும்னு ஜெபித்தோம்.

அங்கே இருந்து பதினைந்து கிலோமீட்டர்கூட இல்லாத தூரத்தில் பெண்கள் கரையில் நின்று கடலையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். தூத்தூர், வள்ளவிளை, சின்னத்துறை, நீரோடி எல்லாம் ஆழ்கடலுக்குப் போய் நாள்கணக்கில் தங்கி மீன் பிடிக்கிறவர்களின் ஊர்கள். புயல் எச்சரிக்கை வருவதற்கு முன்பே அவர்கள் கடலில் இருந்தார்கள். தமிழ்நாடு, கேரளம் இரண்டிலும் சேர்த்து நூற்றுக்கணக்கானவர்கள் திரும்பி வரவே இல்லை. தேடிப் போங்கள் என்று கேட்டு டிசம்பர் 7ஆம் தேதி ஆயிரக்கணக்கான கடற்கரை ஜனங்கள் குழித்துறை ரயில் நிலையத்தில் தண்டவாளத்தில் உட்கார்ந்தார்கள். குழித்துறை எங்க வீட்டில் இருந்து ஆட்டோ தூரம். அன்றைக்கு எங்க வீட்டில் பேசினது என்ன தெரியுமா? "ட்ரெய்ன் ஓடாதாம், மாமா திருவனந்தபுரத்தில் இருந்து எப்படி வருவார்?"

யாரும் கெட்டவங்க இல்லை. என் அப்பா அம்மா நல்லவங்க. ஆனா அவங்க நமக்குப் பக்கத்து வீட்டுக்காரங்க இல்லையே. அவங்க கடற்கரை, நாங்க மேட்டுப்பக்கம். அவங்க ஆர்.சி., நாங்க சி.எஸ்.ஐ. அவங்க சாதி வேற. 2011 கணக்குப்படி நம்ம மாவட்டத்தில் நூற்றுக்கு 47 பேர் கிறிஸ்தவர்கள். எந்த பஸ்ஸில் போனாலும் ஐந்து நிமிஷத்துக்கு ஒரு கோபுரம் தெரியும். இத்தனை பேர் இருந்தும் அன்று குழித்துறையில் அவர்களோடு போய் உட்கார எங்க தெருவில் இருந்து யாரும் போகவில்லை.

இதில் இன்னொரு விஷயம் இருக்கு. ஒன்பது மாதம்கூட ஆகவில்லை, 2018 ஆகஸ்டில் கேரளாவில் வெள்ளம். வீடுகளின் மாடியில் ஜனங்கள் மாட்டிக்கொண்டபோது லாரியில் படகை ஏற்றிக்கொண்டு உள்நாட்டுக்குப் போனவர்கள் யார்? மீனவர்கள். கேரளக் கரையில் இருந்து போனார்கள், நம்ம குமரிக் கரையில் இருந்தும் போனார்கள். கடலில் தங்களைத் தேடி யாரும் வரவில்லையே என்று அழுத அதே கரைகள். மலப்புரத்தில் ஒரு மீனவர் வெள்ளத்தில் முட்டுக்குத்திக் குனிந்து, பெண்கள் படகில் ஏறுவதற்குத் தன் முதுகைப் படியாகக் கொடுத்த வீடியோவை நீங்களும் பார்த்திருப்பீங்க. அவர் முஸ்லிம். இயேசு சொன்ன கதையிலும் நின்று உதவினது வேற ஆள்தான். அந்தக் கதை கிறிஸ்தவர்களைப் பாராட்டச் சொன்ன கதை இல்லை. 'நம்ம ஆளுங்கதான் அன்பானவங்க' என்று நினைக்கிறவனை உட்கார வைத்துச் சொன்ன கதை.

"சரிப்பா, இதெல்லாம் பெரிய விஷயம். நான் பி.இ. முடிக்கவே திணறிக்கிட்டிருக்கேன், நான் எங்கே போய் யாரைக் காப்பாத்த?" என்று கேட்பீங்க. நியாயம். அதுக்கு நெய்யூர் வரைக்கும் ஒரு நடை போய்ட்டு வருவோம்.

திங்கள்சந்தைக்குப் பக்கத்தில் இருக்கும் நெய்யூர் ஆஸ்பத்திரி 1838இல் தொடங்கியது. இன்றைக்கு கேன்சர் சிகிச்சைக்கு எல்லாரும் அறிந்த இடம். நம்மில் பல பேருடைய தாத்தா பாட்டி அங்கே படுத்திருப்பார்கள். அங்கே வேலை பார்த்தவர்களில் ஒருவர் டாக்டர் ஹோவர்ட் சோமர்வெல். இங்கிலாந்துக்காரர். முதல் உலகப் போரில் சோம் போர்க்களத்தில் காயம்பட்டவர்களுக்கு ஆபரேஷன் செய்த சர்ஜன். அதைவிட முக்கியமாக, எவரெஸ்ட் ஏறப்போனவர்.

1922இல் எவரெஸ்ட் பயணத்தில் அவர் இருந்தார். அந்தப் பயணத்தில் பனிச்சரிவு வந்து ஏழு பேர் செத்தார்கள். ஏழு பேரும் சுமை தூக்கப் போன மலைவாசிகள். வெள்ளைக்காரர் ஒருத்தர்கூடச் சாகவில்லை. நம்மில் ஒருவராவது அவர்களோடு போயிருக்கக் கூடாதா என்று அவர் மனம் உடைந்து எழுதியிருக்கிறார். அந்தப் பயணம் முடிந்து இந்தியாவைச் சுற்றிப் பார்க்கக் கிளம்பினார். சுற்றி வந்தவர் நெய்யூருக்கு வந்தார். பார்த்தால், வெளியே நோயாளிகளின் நீண்ட வரிசை. உள்ளே தனியாகத் திணறிக்கொண்டிருக்கும் ஒரே ஒரு சர்ஜன். லண்டனில் நல்ல வேலை காத்திருந்தது. அதை விட்டுட்டார். 1924இல் இன்னொரு தடவை எவரெஸ்டுக்குப் போய், ஆக்சிஜன் சிலிண்டர் இல்லாமல் கிட்டத்தட்ட 8,500 மீட்டர் வரை ஏறினார். உச்சி கிடைக்கவில்லை. இறங்கி நெய்யூருக்கு வந்தார். இருபது வருஷத்துக்கு மேல் இங்கேயே ஆபரேஷன் தியேட்டரில் நின்றார். பிறகு வேலூர் சி.எம்.சி.யில் போய்ப் பாடம் எடுத்தார்.

இதை வாசித்துவிட்டு 'அவர் மகான், நான் சாதாரண ஆள்' என்று நகர்ந்துடாதீங்க. நான் அவரிடம் பார்ப்பது மகானை இல்லை. ரெண்டே ரெண்டு விஷயம்தான். ஒண்ணு, அவர் பக்கத்தில் வந்து பார்த்தார். லண்டனில் இருந்துகொண்டு திருவிதாங்கூர் நோயாளிகளுக்காக ஜெபித்திருக்கலாம், பணம்கூட அனுப்பியிருக்கலாம். அந்த வரிசையை நேரில் பார்த்ததால்தான் அவரால் திரும்பிப் போக முடியவில்லை. ரெண்டாவது, தன்னிடம் என்ன இருந்ததோ அதைக் கொடுத்தார். அவரிடம் இருந்தது கத்தி பிடிக்கத் தெரிந்த கை.

இங்கே ஒரு கேள்வி வரும். வரணும். "அவங்க மதம் மாத்தத்தானே வந்தாங்க?" மிஷனரி ஆஸ்பத்திரிகளுக்கு சுவிசேஷம் சொல்வதும் நோக்கமாக இருந்தது, மறைக்க ஒண்ணும் இல்லை. நம்ம மாவட்டத்தில் இந்தக் கேள்விக்குப் பின்னால் ரத்தமும் இருக்கு. 1982 மண்டைக்காடு கலவரம் பற்றிப் பெரியவர்கள் இன்றைக்கும் குரலைத் தாழ்த்தித்தான் பேசுவார்கள். அதனால என் நிலைப்பாட்டைத் தெளிவா சொல்லிடறேன். உதவி செய்துவிட்டு அதற்குப் பதிலாக எதையாவது எதிர்பார்த்தால், அது சர்ச்சாக இருந்தாலும் வேற எந்த அமைப்பாக இருந்தாலும், அது அன்பு இல்லை, கடன். அடிபட்டவன் எந்த ஊர், என்ன மதம் என்று அந்தச் சமாரியன் கேட்கவில்லை. தன் பெயரையும் விட்டுப்போகவில்லை. அந்தக் கதையில் அவனுக்குப் பெயரே கிடையாது.

இப்போ நம்ம கேம்பஸுக்கு வருவோம். நம்மிடம் என்ன இருக்கு? கத்தி பிடிக்கத் தெரியாது. சிலருக்கு மேத்ஸ் வரும். சிலருக்குக் கோடிங் வரும். சிலரிடம் பைக் இருக்கு, ராத்திரி ஒரு மணிக்குக் காய்ச்சல்காரனை ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போகலாம். எனக்கு என்ன இருக்குன்னு யோசித்துப் பார்த்தேன். இங்கிலீஷ். அதுக்காக நான் கஷ்டப்படவே இல்லை, அப்பா ஃபீஸ் கட்டினார், வந்துடுச்சு.

என் ரூம்மேட் பன்னிரண்டாம் வகுப்பு வரை தமிழ் மீடியம். சப்ஜெக்டில் என்னைவிட நல்லா படிப்பான். மெஷின் டிசைனில் எனக்கு டவுட் வந்தால் அவனிடம்தான் கேட்பேன். ஆனா பிளேஸ்மென்ட்டில் ஆன்லைன் டெஸ்ட் கிளியர் பண்ணிட்டு, குரூப் டிஸ்கஷனில் வாயைத் திறக்காமல் வெளியே வந்துடுவான். இப்படி மூணு கம்பெனி போச்சு. ஒரு நாள் நானே சொன்னேன், "தினமும் ஒன்பதரைக்கு உட்காருவோம்டே, மாக் இன்டர்வியூ போடுவோம், நான் ஹெச்.ஆர்."

எத்தனை நாள் உட்கார்ந்தேன் தெரியுமா? ஆறு நாள். ஏழாவது நாள் எனக்கு ஒரு கம்பெனி இன்டர்வியூ. கிடைச்சுது. ட்ரீட், போன், ஊருக்குப் போனது, அது இது என்று ஒன்பதரை மணி தானாக நின்னு போச்சு. அவன் ஒரு வார்த்தை கேட்கவில்லை. பாட்டி வேதாகமத்தைக் கையில் கொடுத்தது அதற்கு அடுத்த வாரம்தான். எனக்கு ஆஃபர் கிடைத்ததற்கு நன்றி சொல்லத்தான் அந்த ஜெபமே.

அன்பு என்றதும் நாம் மனசு உருகுவதைத்தான் நினைக்கிறோம். எனக்கு நவம்பர் 30 ராத்திரி மனசு உருகத்தான் செய்தது. அன்றைக்கு அவனுக்கு டீ வாங்கிக் கொடுத்தேன், அவன் சித்தப்பா பற்றி ஒரு மணி நேரம் கேட்டேன். உண்மையாகவே அழுகை வந்தது. ஆனா உருகின அந்த மனசால் ஒன்பதரை மணியை ஏழாவது நாளுக்குக் கொண்டுபோக முடியவில்லை. அதனால என் கருத்து இதுதான்: அன்புக்கு டைம் டேபிளில் ஒரு பீரியட் வேணும். மனசு இருந்தாலும் இல்லாவிட்டாலும் போய் உட்காருகிற பீரியட். சோமர்வெல்லுக்கு இருபது வருஷமும் தினம் காலையில் மனசு பொங்கியிருக்கும்னு நான் நம்பவில்லை. வரிசை நிற்கிறது, தியேட்டர் திறக்கணும், போனார்.

அந்த பீரியட் யாருக்கு? பக்கத்து வீட்டுக்காரனுக்கு இல்லை, பிறனுக்கு. உங்க கேங்குக்கு நோட்ஸ் அனுப்புவது நட்பு, அது நல்லதுதான், பண்ணுங்க. ஆனா கிளாஸில் நீங்க இன்னும் ஒரு தடவைகூடப் பேசாத ஆள் ஒருத்தன் இருப்பான், ஒருத்தி இருப்பாள். மெஸ்ஸில் நாலு வருஷமா நமக்கு இட்லி வைக்கிற அக்காவின் பெயர் நமக்குத் தெரியாது. பீகாரில் இருந்து வந்து நம்ம புது பிளாக்குக்குக் கம்பி கட்டுகிறவர்கள் சாயங்காலம் கேட் பக்கம் நிற்கிறார்கள். ஹிந்தி தெரிந்தவன் நம்மில் எத்தனை பேர்? அவர்களில் ஒருத்தரிடமாவது பேசியிருக்கோமா? நீங்க கிறிஸ்தவரா இல்லையா என்பது இதற்குத் தேவையில்லை. கிறிஸ்தவராக இருந்தால், தப்பிக்க வழியும் இல்லை.

ஊரில் இருந்து திரும்பி வந்த அன்றே அவனிடம் மன்னிப்புக் கேட்டேன். "விடுடே, உனக்கு வேலை இருந்துச்சு" என்றான். இப்போ ஒன்பதரை மணி மறுபடி தொடங்கியாச்சு. இன்றோடு பத்தொன்பது நாள். அவனுக்கு இன்னும் வேலை கிடைக்கவில்லை. நாலாவது கம்பெனியில் பேசினான், கடைசி ரவுண்டு வரை போனான். நான் சொல்லிக் கொடுப்பதைவிட, நான் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பதுதான் அவனுக்கு உதவுதுன்னு சொல்றான்.

மெஸ் மாடியில், ராத்திரி ஒன்பதரை. தமிழ் மீடியத்தில் படித்துவிட்டு ஜி.டி.க்குப் பயப்படுகிற யார் வேணும்னாலும் வாங்க. என்னை மாதிரி இங்கிலீஷ் மீடியம்காரங்களும் வாங்க, எதிரில் உட்கார ஆள் பத்தலை.

அப்புறம், வரும் நவம்பர் 30 அன்று அவங்க ஊர் சர்ச்சில் பூசை இருக்கு. நான் போறேன். எட்டாம் வகுப்பில் போகாத பதினைந்து கிலோமீட்டர். மார்த்தாண்டத்தில் இருந்து பஸ் இருக்கு. அவன் அம்மாவிடம் கருவாடு கேட்டு வாங்கிட்டு வரணும், இந்தத் தடவை ரூமில் எல்லார் முன்னாடியும் பொரிக்கணும்.

நீயும் வாறியா?